அப்பாவோட ஸ்ப்ளெண்டருக்கு ஒரு இன்ஜின்

ஒரு முழு பைக்கை செகண்ட்ஹேண்ட்ல வாங்கும்போது நாம எல்லாருமே கொஞ்சம் உஷாராத்தான் இருப்போம். ஆர்சி எங்க, இன்சூரன்ஸ் இருக்கா, எத்தனாவது ஓனர்னு கேட்போம். ஆனா இன்ஜினை மட்டும் தனியா வாங்கறப்ப அது ஏதோ மிக்ஸிக்கு ஜார் மாத்தற மாதிரி ஆயிடுது. போட்டோ பாத்தோமா, வெலை பேசினோமா, பார்சல் போட்டாங்களா, முடிஞ்சுது. உண்மையில முழு வண்டியை விட தனி இன்ஜின் வாங்கறதுலதான் வில்லங்கம் அதிகம். வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கு, பேப்பர் இருக்கு, ஓட்டிப் பாக்க முடியும். சிமெண்ட் தரையில கெடக்கற இன்ஜின் எந்த வண்டியில இருந்து வந்துச்சு, யாரு கழட்டினது, ஏன் கழட்டினாங்க, எதுவும் தெரியாது. அது வாய் திறந்து சொல்ற ஒரே விஷயம் கிராங்க் கேஸ்ல அடிச்சிருக்கற நம்பர்தான். அந்த நம்பரும் பொய் சொல்லலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில சொல்லப் போறேன்.

எனக்கு இதுல என்ன வேலைன்னா, எங்க அப்பா துணி வியாபாரம் பண்றாரு. கடை எல்லாம் கிடையாது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில திங்கக்கிழமை ராத்திரி சரக்கு எடுத்து, லுங்கி, துண்டு, நைட்டி, பாவாடைன்னு நாலு கட்டு கட்டி பைக்ல ஏத்திக்கிட்டு அறச்சலூர், சிவகிரி, கொடுமுடின்னு ஊர் ஊரா போவாரு. பாதிப் பேரு தவணையிலதான் வாங்குவாங்க. வாரா வாரம் 50, 100னு வசூல். இந்தத் தொழில்ல ரெண்டு வாரம் ஒரு ஊருக்குப் போகலைன்னா அந்த ஊர் வசூல் அப்படியே தூங்கிடும். மூணாவது வாரம் போனா வேற ஒரு ஆளு அங்க கடை விரிச்சிருப்பான். அதனால அப்பாவுக்கு பைக்னா வண்டி இல்ல, கடை. 2010 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ப்ளஸ், 97.2 சிசி. நான் ஆறாவது படிக்கும்போது என்னை ஸ்கூல்ல இறக்கி விட்டதும் அதே வண்டிதான்.

போன செமஸ்டர் லீவுல அறச்சலூர் ரோட்ல அந்த வண்டி நின்னு போச்சு. ட்ரெயின் போல்ட் வழியா ஆயில் கசிஞ்சு காலியாகி, கனெக்டிங் ராடு உடைஞ்சு, அது கிராங்க் கேஸையே குத்திக் கிழிச்சிருந்துச்சு. கட்டை விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. நாங்க வழக்கமா விடற மெக்கானிக் அண்ணன் அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பாப்பா, நீ மெக்கானிக்கல்தான படிக்கற, நீயே சொல்லு"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல.

இங்க ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், இது தெரிஞ்சா பல பேருக்கு முழு இன்ஜின் தேடற வேலையே மிச்சம். உங்க இன்ஜின் போச்சுன்னு யாராவது சொன்னா, எது போச்சுன்னு கேளுங்க. பிஸ்டன், ரிங், போர், ஹெட்டு, வால்வு, கிராங்க், கிளட்ச், கியர்னு எதுவா இருந்தாலும் அந்த பாகத்தை மட்டும் மாத்திக்கலாம். செலவு ஆகும், ஆனா இன்ஜின் நம்பர் மாறாது, பேப்பர் வேலை எதுவும் கிடையாது. கிராங்க் கேஸ் போனா மட்டும்தான் கதை வேற. ஏன்னா நம்பர் அடிச்சிருக்கறது அந்த கேஸ்லதான். ஸ்ப்ளெண்டர்ல இடது பக்கம் கீழ குனிஞ்சு பாத்தா தெரியும், சேறு மூடியிருக்கும், துணி போட்டுத் துடைக்கணும். எங்களுக்குப் போனது அந்த கேஸ்தான். அண்ணன் ரெண்டு பக்க கேஸ், கிராங்க், ராடு, பேரிங், கூலின்னு துண்டுச் சீட்டுல கூட்டிக் காட்டினாரு. 18,000த்தைத் தாண்டிச்சு. வீட்ல இருந்தது 15,000. அதுவும் என்னோட கடைசி செமஸ்டர் ஃபீஸ்ல இருந்து தள்ளி வெச்சது.

அதனால பழைய இன்ஜின். ஈரோட்ல ரெண்டு மூணு கடையில கேட்டோம், அன்னைக்கு ஸ்ப்ளெண்டர் இன்ஜின் இல்ல. சென்னை புதுப்பேட்டைக்குப் போனா கிடைக்கும்னு அண்ணன் சொன்னாரு, ஆனா கடையை மூடிட்டு அவரு வர முடியாது, நாங்க மட்டும் போனா என்னத்தைப் பாத்து வாங்கறது? சரி ஆன்லைன்ல தேடலாம்னு நான் உக்காந்தேன்.

முதல் நாள்லயே எனக்குத் தெரிஞ்சது, அங்க "இன்ஜின்"ங்கற வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருக்கு. சில பேரு ஹெட்டும் போரும் இல்லாம அடிப்பகுதியை மட்டும் வெச்சுக்கிட்டு "இன்ஜின் ஃபார் சேல்"னு போடுவாங்க. அது ஹாஃப் இன்ஜின். சில பேரு கார்புரேட்டர், மேக்னெட் காயில், சிடிஐ எதுவும் இல்லாம தருவாங்க. "குட் கண்டிஷன்"னா என்னன்னு கேட்டா "நேத்து வரைக்கும் ஓடிச்சுங்க"ம்பாங்க. அப்புறம் "ஃபிட்டிங் ஆயிடும்"னு ஒரு வார்த்தை. ஹெச்ஏ10இன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கற 97.2 சிசி இன்ஜின் குடும்பம் ஸ்ப்ளெண்டர்ல மட்டும் இல்ல, அதே கம்பெனியோட வேற மாடல்கள்லயும் இருக்கு. ஆனா செல்ஃப் ஸ்டார்ட் இருக்கற கேஸும் வெறும் கிக்கர் கேஸும் ஒண்ணு இல்ல. வயரிங் கப்ளர் மாறும். "ஆயிடும்"னு சொல்றவரு வந்து மாட்டிக் குடுக்கப் போறது இல்ல. அதே மாடல், முடிஞ்சா அதே வருஷத்துக்குப் பக்கத்துல, இதுல இருந்து இறங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டோம்.

ரெண்டாவது நாளே ஒரு பிரமாதமான விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. ஸ்ப்ளெண்டர் இன்ஜின், பளபளன்னு பாலிஷ் போட்ட மாதிரி, 4,500 ரூபா. சேட் பண்ணினா அந்தப் பக்கம் ஆர்மில இருக்கறதா சொன்னாரு. டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாம், வண்டியைப் பிரிச்சு விக்கறாராம். கேட்காமலே யூனிஃபார்ம் போட்ட ஐடி கார்டு போட்டோ வந்துச்சு. இன்ஜின் கேம்புக்குள்ள இருக்கு, நேர்ல பாக்க முடியாது, ஆர்மி பார்சல்ல வீட்டுக்கே வந்துடும், கேட் பாஸுக்கு மட்டும் 1,500 அனுப்புங்க, மீதி பொருள் வந்தப்புறம்னாரு. இது ரொம்பப் பழைய நாடகம், ஹாஸ்டல்ல போன், பைக்னு தேடின எல்லாருமே ஒரு தடவையாவது இந்த "ராணுவ வீரரை" சந்திச்சிருப்பீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஒரு வெள்ளைப் பேப்பர்ல இன்னைக்குத் தேதியையும் என் பேரையும் எழுதி, இன்ஜின் நம்பர் பக்கத்துல வெச்சு, பத்து செகண்ட் வீடியோ எடுத்து அனுப்புங்க சார்னு. "டோன்ட் யூ ட்ரஸ்ட் இண்டியன் ஆர்மி?"ன்னு பதில் வந்துச்சு. அப்புறம் பிளாக். அந்த போட்டோவை இமேஜ் சர்ச்ல போட்டா வேற ஊர்ல வேற பேர்ல அதே இன்ஜின், அதே பாலிஷ்.

பேப்பர் வீடியோ கேக்கறது எனக்கு நல்ல வடிகட்டியா இருந்துச்சு. பொருள் கையில இருக்கறவங்க சலிச்சுக்குவாங்க, ஆனா எடுத்து அனுப்பிடுவாங்க. இல்லாதவங்களுக்குக் கோவம் வந்துடும்.

இன்னொரு வடிகட்டி எனக்கு இலவசமா கெடைச்சது. நான் போன் பண்ணா, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லும்மா"ன்னு சில பேரு சொல்லுவாங்க. இன்ஜின் டெக்னிக்கலா பேசணுமாம். சரிங்கன்னு சொல்லி, டைமிங் செயின் எப்ப மாத்தினீங்க, போர் ஸ்டாண்டர்டா ஓவர்சைஸா, எத்தனாவது பிஸ்டன்னு கேட்பேன். பதில் தெரிஞ்ச ஆளு உடனே "அண்ணா"வா மாறி ஒழுங்காப் பேசுவாரு. தெரியாத ஆளு லைனைக் கட் பண்ணிடுவாரு. எனக்கு ரெண்டுமே லாபம்தான்.

இப்ப அந்த 6,500 ரூபா இன்ஜினுக்கு வரேன். இதைப் பத்தி எழுதத்தான் உண்மையில உக்காந்தேன்.

பக்கத்து மாவட்டத்துல ஒரு ஆளு. பேப்பர் வீடியோ அனுப்பினாரு, போன்ல தெளிவாப் பேசினாரு, நேர்ல வாங்கன்னாரு. ஞாயித்துக்கிழமை நான், அப்பா, மெக்கானிக் அண்ணன் மூணு பேரும் அண்ணனோட ஓம்னியில போனோம். ஒரு ஷெட்டு. உள்ள ஏழெட்டு இன்ஜின் வரிசையா. எங்களுக்குக் காட்டினது நல்ல இன்ஜின், அதுல சந்தேகமே இல்ல. கிக்கரை மிதிச்சா கம்ப்ரஷன் காலைத் தூக்குது. அண்ணன் மேக்னெட் கவரைக் கழட்டி கிராங்க்கை மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தாரு, ஆட்டமே இல்ல. அப்பா முகத்துல மூணு வாரத்துக்கு அப்புறம் ஒரு வெளிச்சம்.

அண்ணன் டார்ச்சை என்கிட்ட குடுத்து நம்பரைப் படிக்கச் சொன்னாரு. கேஸோட மத்த இடமெல்லாம் வார்ப்புல வந்த சொரசொரப்பு, அழுக்கேறின சாம்பல் நிறம். நம்பர் இருக்கற அந்தச் சின்ன இடம் மட்டும் வழவழன்னு, புதுசா அரம் போட்ட மாதிரி கோடு கோடா. எழுத்து ஒண்ணு ஆழமா இருக்கு, ஒண்ணு மேலோட்டமா இருக்கு. கம்பெனியில மெஷின்ல அடிக்கறப்ப எழுத்துக்கு நடுவுல இடைவெளி சீரா இருக்கும். இதுல கடைசி மூணு எழுத்து கொஞ்சம் மாடி ஏறியிருந்துச்சு. போன்ல ஜூம் பண்ணி அப்பாவோட பழைய கேஸ் நம்பர் போட்டோவையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே கை எழுத்து இல்ல.

விக்கறவரு நான் பாக்கறதைப் பாத்துட்டாரு. பதட்டமே இல்ல. "அது பழைய பஞ்சிங்மா. கவலைப்படாதீங்க, உங்க ஆர்சி நம்பரைக் குடுங்க, அதையே அடிச்சுத் தரேன். 500 ரூபா. ஆர்டிஓ பக்கமே போக வேண்டாம்"னாரு.

உண்மையைச் சொன்னா அந்த நிமிஷம் அது ரொம்ப நியாயமான யோசனை மாதிரிதான் கேட்டுச்சு. 7,000த்துல எல்லாம் முடியுது. என் ஃபீஸ் பணத்துல பாதி மிச்சம். அப்பா செவ்வாக்கிழமை லைனுக்குப் போயிடலாம். மெக்கானிக் அண்ணனும் அப்பாவைப் பாத்து, "ஊர்ல பாதி வண்டி இப்படித்தான் ஓடுது, நீங்க சொல்லுங்க"ன்னாரு. அவரு தப்பா சொல்லல, நெலமையைச் சொன்னாரு.

அப்பா கொஞ்ச நேரம் இன்ஜினையே பாத்தாரு. 2013ல சந்தைக்குப் பக்கத்துல நிறுத்தியிருந்த எங்க டிவிஎஸ் 50 காணாமப் போச்சு. ரெண்டு கட்டு துணியோட. ஸ்டேஷனுக்கு நாலு மாசம் நடந்தாரு, கெடைக்கல. அதைப் பத்தி வீட்ல அப்புறம் பேசினதே இல்ல. ஷெட்டுல அவரு சொன்னது ஒண்ணுதான்: "இது எவன் பொழப்போ, வேண்டாங்கண்ணு." ஓம்னியில போய் உக்காந்துக்கிட்டாரு.

அந்த இன்ஜின் திருட்டு இன்ஜின்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா நல்ல வழியில வந்த இன்ஜினுக்கு நம்பரை அரம் போட்டு எடுக்க வேண்டிய அவசியம் என்னன்னு யோசிங்க. சட்டம் இதுல தெளிவாவே இருக்கு. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பறதுக்குக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கினா, பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. அரம் போட்ட தடத்தைக் கண்ணால பாத்துட்டு, அதுக்கு மேல நம்ம நம்பரையும் அடிச்சு வாங்கிட்டு "எனக்குத் தெரியாது சார்"னு சொல்ல முடியாது. எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்துச்சு. 2010 வண்டிக்கு 15 வருஷம் முடியுது, ஆர்சியைப் புதுப்பிக்கணும். அதுக்கு வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும். அவரு முதல்ல குனிஞ்சு பாக்கறது சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான். நான் டார்ச் அடிச்சுக் கண்டுபிடிச்சதை, தினம் பாக்கற அவரு கண்டுபிடிக்க மாட்டாரா?

திரும்பி வர்ற வழியில யாரும் பேசல. அடுத்த வாரமும் அப்பா டவுன் பஸ்லதான் போனாரு, நாலு கட்டுக்குப் பதிலா ஒரு கட்டு.

கடைசியா கெடைச்ச இன்ஜின் கரூர் பக்கத்துல. விளம்பரமே மோசமா இருந்துச்சு. மங்கலான ஒரு போட்டோ, "ஸ்ப்ளெண்டர் இன்ஜின் மட்டும் 11000"ன்னு ஒரு வரி. ஒரு ரிட்டயர்டு ஐயா. அவரோட பையன் வண்டி லாரியில மோதி, ஃபோர்க்கும் ஃப்ரேமும் வளைஞ்சு போச்சு. பையனுக்குக் கால்ல பிளேட் வெச்சு இப்ப நடக்கறாரு. வண்டியை அப்படியே காயலான் கடைக்குப் போட மனசில்லாம வீட்டுப் பின்னாடி தார்ப்பாய் போட்டு வெச்சிருந்தாரு. ஆர்சி அவரு கையிலயே இருந்துச்சு. போன்லயே வண்டி நம்பர் சொல்லிட்டாரு. எம்பரிவாஹன் ஆப்ல போட்டுப் பாத்தேன், மாடலும் பதிவுத் தேதியும் அவரு சொன்னதோட ஒத்துப் போச்சு.

இன்ஜின் இன்னும் ஃப்ரேம்லயே இருந்தது எங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். ஃப்ரேம்ல இருக்கற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கேக்கலாம். தரையில கெடக்கற இன்ஜினைத் தட்டித்தான் பாக்க முடியும். போறதுக்கு முன்னாடியே "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க ஐயா"ன்னு சொல்லியிருந்தேன். போனதும் முதல் வேலை சிலிண்டர்ல கை வெச்சுப் பாத்ததுதான். சில்லுன்னு இருந்துச்சு. சூடா இருந்தா நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி, ஸ்டார்ட்டிங் டிரபிளையும் முதல் புகையையும் முடிச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சோக் போட்டு அண்ணன் உதைச்சாரு. நாள் கணக்கா நின்ன வண்டி, ஆறாவது உதையில பிடிச்சுச்சு.

அப்புறம் புகை. கருப்பா வந்தா கார்புரேட்டர்ல பெட்ரோல் அதிகம், பயப்பட வேண்டாம், சில நூறு ரூபா வேலை. காலை நேரத்துல வெள்ளையா லேசா வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னா அது வெறும் ஈரம். நீலம் கலந்து, மூக்குல காரமா ஏறி, ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க அதிகமாச்சுன்னா ஆயில் எரியுது. ரிங் அல்லது வால்வு சீல் போச்சு. எங்களுக்கு கொஞ்சம் கருப்பு வந்துச்சு.

சத்தத்தைப் பத்தி எழுதறது கஷ்டம், அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்றேன். மேல இருந்து டிக் டிக்னு தையல் மெஷின் மாதிரி வந்தா டேப்பெட், ஸ்பேனர் போட்டா சரியாயிடும். இடது பக்கம் சலசலன்னு வந்தா டைமிங் செயின், பேரம் பேசிக்கலாம். அடியில இருந்து டொக் டொக்னு, யாரோ உள்ள இருந்து கதவைத் தட்டற மாதிரி வந்தா பேசாம வண்டி ஏறிடணும். அது கிராங்க், ராடு. நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை கேஸ்ல வெச்சு, பிடியைக் காதுல வெச்சா டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி கேக்கும். நாலு வருஷம் வைப்ரேஷன் படிச்சேன், இது சிலபஸ்ல இல்ல.

கம்ப்ரஷன் கேஜ் எங்க டிபார்ட்மெண்ட் லேப்ல இருந்து லேப் அசிஸ்டெண்ட் அண்ணாவைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டுப் போயிருந்தேன். பிளக்கைக் கழட்டி கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சுக்கிட்டு, முள்ளு மேல ஏறாம நிக்கற வரைக்கும் உதைக்கணும். ஆக்சிலேட்டரைத் திறக்க மறந்தா நல்ல இன்ஜினும் நோஞ்சான் மாதிரி காட்டும். எங்களுக்கு 140 பிஎஸ்ஐ வந்துச்சு. அப்புறம் பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் உதைச்சோம், 150. இந்த ரெண்டாவது அளவுலதான் விஷயமே இருக்கு. ஆயில் ஊத்தினதும் முள்ளு எகிறிக் குதிச்சா ரிங்கும் போரும் தேய்ஞ்சிருக்கு, ஆயில் அந்த இடுக்கை அடைச்சதாலதான் ஏறியிருக்கு. முதல்லயும் கம்மி, ஆயில் ஊத்தியும் கம்மின்னா வால்வு இல்லைன்னா ஹெட் கேஸ்கெட். எங்களுது ரெண்டுமே இல்ல.

பின் சக்கரத்தைத் தூக்கி நாலு கியரும் போட்டுப் பாத்தோம். ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயில் பிடிச்சு, காந்தம் வெச்சுப் பாத்தேன். மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டினா வயசுக்கு அது சகஜம், நகக் கண்ணு அளவுக்கு இரும்புச் சில்லு வந்தா வேண்டாம். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி இறங்கியிருக்கு. பிளக்கோட மரை, ட்ரெயின் போல்ட்டோட மரை ரெண்டும் கடைசி வரைக்கும் கையாலயே திருக முடியுதான்னு பாருங்க. கேஸோட அடியைத் துடைச்சு எங்கயாவது எம்-சீல் போட்டு அடைச்சிருக்கா, வெல்டிங் தடம் இருக்கா, கடைசியா சில்வர் பெயிண்ட் அடிச்சிருக்கான்னு பாருங்க. பழைய இன்ஜினுக்குப் புது பெயிண்ட் எனக்கு எப்பவுமே சந்தேகம்தான்.

நம்பர் அழுக்கோட, சொரசொரப்போட, ஒழுங்கா வரிசையா இருந்துச்சு. ஆர்சியில இருந்ததோட எழுத்துக்கு எழுத்து நான் படிக்க, அப்பா விரல் வெச்சுச் சரி பாத்தாரு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட வாஹன் சமன்வய் சேவையில வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் போட்டுத் தேடலாம், காணாமப் போனதா போலீஸ்ல பதிவான வண்டியா இருந்தா காட்டும். அதுலயும் எதுவும் வரல. ஆனா அதுல வரலைங்கறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. புகாரே குடுக்காத வண்டி அதுல எப்படி வரும்?

11,000 சொன்னவரு 9,500க்கு வந்தாரு. அட்வான்ஸ் எதுவும் குடுக்கல, பாத்து முடிச்சு அங்கயே அவரு பேங்க் அக்கவுண்டுக்கு யுபிஐ. குறிப்புல இன்ஜின் நம்பரோட கடைசி அஞ்சு இலக்கத்தைப் போட்டேன், பின்னாடி யாராவது கேட்டா பணமும் பொருளும் சேர்ந்து நிக்கும். விற்பனைக் கடிதம் நான் வீட்லயே எழுதிட்டுப் போயிருந்தேன். தேதி, நேரம், வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், தொகை, ரெண்டு பேர் முகவரி, ரெண்டு பேர் கையெழுத்து, சாட்சிக்கு மெக்கானிக் அண்ணன். கூட அவரோட ஆர்சி நகல், நாலு இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க் பண்ணின ஆதார் நகல். ஐயா ஒரு நிமிஷம் தயங்கினாரு. அவருக்கும் இது பாதுகாப்புதான்னு அப்பா எடுத்துச் சொன்னாரு. நாளைக்கு அந்த இன்ஜின் எங்கயாவது மாட்டினா, எந்தத் தேதி, எத்தனை மணி வரைக்கும் அது அவருதுன்னு எழுத்துல இருக்கு. இனி ஓடவே முடியாத வண்டின்னா அவரும் ஆர்டிஓவுல சொல்லி ஆர்சியை சரண்டர் பண்ணணும், அது மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு. அதை எங்ககிட்ட இருந்துதான் அவரு கேள்விப்பட்டாரு. பண்ணி முடிச்சதும் அந்தப் பேப்பரை வாட்ஸ்அப்ல அனுப்பினாரு.

நம்ம பக்கம் இருக்கறது அதே 1988 சட்டத்தோட 52வது பிரிவு. ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டி இருக்கக் கூடாது. இன்ஜின் மாத்தினா பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி ஆர்சியில ஏத்தணும், அனுமதி வாங்காம மாத்தியிருந்தா 14 நாளுக்குள்ள. மாத்தறதுக்கு முன்னாடியே போய்க் கேட்டு அனுமதி வாங்கிடறது நல்லது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜின்னா பேச்சு சுலபம். ஸ்ப்ளெண்டர்ல பல்சர் இன்ஜின் வெக்கற வீடியோ எல்லாம் பாக்க நல்லா இருக்கும், ஆர்சியில ஏறாது. எங்ககிட்ட கேட்டது ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட், விற்பனைக் கடிதம், அந்த வண்டியோட பேப்பர். இன்ஸ்பெக்டர் நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில்ல தேய்ச்சு எடுத்துக்கிட்டாரு. சின்ன வயசுல நாணயத்தை வெச்சு நோட்டுல தேய்ப்போமே, அதேதான். ஆர்சி மாறினதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லி பாலிசியில புது நம்பரைப் போட வெச்சோம். இதை நிறைய பேரு விட்டுடறாங்க. பாலிசியில பழைய இன்ஜின் நம்பர் இருந்தா, ஒரு ஆக்சிடென்ட்னு வரும்போது கிளெய்ம்ல கேள்வி கேக்க அது ஒண்ணு போதும்.

மாட்டற கூலி, கேஸ்கெட், ஆயில், கேபிள் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,400. மொத்தம் 11,900. அந்த 7,000 ரூபா வழியை விட 4,900 அதிகம், நாலு வாரமும் போச்சு. கொடுமுடி பக்கம் ரெண்டு ஊர்ல அப்பாவோட வாடிக்கை கொஞ்சம் போயிடுச்சு, அது இன்னும் திரும்பல.

மிச்சம் இருந்த பழைய ஹெட்டு, கார்புரேட்டர், கியர் செட்டை ஆன்லைன்ல விக்கப் போட்டேன். போட்ட அரை மணி நேரத்துல ஒருத்தர் பேரமே பேசாம சரின்னு சொல்லி ஒரு க்யூஆர் கோட் அனுப்பினாரு. "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்." பணம் வாங்கறதுக்கு யாரும் பின் போட வேண்டியதில்ல, பின் போட்டா பணம் நம்மகிட்ட இருந்துதான் போகும். இப்படிப் போட்டு பணம் போயிருந்தா உடனே 1930க்குக் கூப்பிடணும், மணிக்கணக்கா யோசிச்சா அதுக்குள்ள அது நாலு அக்கவுண்ட் தாண்டியிருக்கும். ஹெட்டையும் கார்புரேட்டரையும் பெருந்துறையில இருந்து ஒரு மெக்கானிக் நேர்ல வந்து வாங்கிட்டுப் போனாரு.

ஓட்டை விழுந்த கேஸை மட்டும் விக்கல. அதுல எங்க பழைய நம்பர் இருக்கே. அண்ணன் சம்மட்டியால ஒரே அடி அடிச்சு நம்பர் இருந்த பக்கத்தை ரெண்டாப் பிளந்து குடுத்தாரு. மீதி அலுமினியம் கிலோ கணக்குல பழைய இரும்புக் கடைக்குப் போச்சு. அதுல வந்த காசை அப்பா டவுன் பஸ்ல ஒரு மாசமா ஓசியில கட்டு ஏத்தி விட்ட கண்டக்டருக்கு ஒரு லுங்கியா குடுத்தாரு.